பிளெஷி மண்கோட்டை: சுவரே இல்லாத கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

#1 அகழிக்கரை

இங்கிலாந்தின் எசெக்ஸில் செம்ஸ்ஃபோர்டுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. வடமேற்கே பத்து கிலோமீட்டர் தள்ளி பிளெஷி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கோட்டை உண்டு என்று தெரிந்தும் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். தனியார் நிலம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவேண்டும். கேட்டேன், விட்டார்கள்.

உள்ளே மதில் கிடையாது, கோபுரம் கிடையாது. சுமார் 15 மீட்டர் உயரத்துக்குப் புல் போர்த்திய ஒரு மண்மேடு. சுற்றிலும் அகழி. அகழியைத் தாண்ட ஒற்றை வளைவில் ஒரு செங்கல் பாலம், 15ஆம் நூற்றாண்டுடையது. இங்கிலாந்தின் மிகப் பழைய செங்கல் பாலங்களில் ஒன்று என்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் சிறுநீரக வடிவில் ஒரு முற்றம், அதைச் சுற்றி ஆளுயரத்தைவிட எவ்வளவோ உயர்ந்த மண்கரை. வடக்கே இன்னொரு முற்றம் இருந்தது, அதன்மேல் இப்போது வீடும் தோட்டமும். இவை எல்லாவற்றுக்கும் வெளியே ஊரையே வளைத்து இன்னொரு கரையும் பள்ளமும், ஏறக்குறைய 40 ஏக்கர். அதாவது ஊருக்குள் கோட்டை என்பதைவிட, கோட்டைக்குள் ஊர் என்பதுதான் சரி.

மேட்டின் மேல் ஏறி நின்றால் அது அப்படியே தெரிகிறது. இந்த ஊரின் கதையை இங்கே பேசலாமா? தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள், நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

#2 சும்மா_ஒருவன்

அண்ணா தப்பா நினைக்காதீங்க. படத்தைத் தேடிப் பார்த்தேன். ஒரு புல்மேடு, நாலு மரம். இதுக்கா ஞாயிற்றுக்கிழமையைச் செலவு பண்ணீங்க? பக்கத்துலயே கல்லு கல்லா எத்தனை கோட்டை இருக்கு.

அப்புறம் ஒரு டவுட். எல்லா இடத்துலயும் "மோட்" "மோட்"னு போட்டிருக்கான். மோட்னா அகழிதானே? மேட்டை ஏன் அகழிங்கறான்?

#3 ஏட்டுச்சுவடி

சும்மா_ஒருவன் சும்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மண்மேடு, மண்கட்டி என்றுதான் பொருள். பள்ளத்தைத் தோண்டி அந்த மண்ணையே மேடாக்கினார்கள், இரண்டும் ஒட்டியே இருந்தன. காலப்போக்கில் ஆங்கிலத்தில் பெயர் மேட்டிலிருந்து சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. மேட்டைக் குறிக்க வரலாற்றாசிரியர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேடு 'மோட்', கீழே உள்ள முற்றம் 'பெய்லி'.

ஊர்ப்பெயரும், 1066இல் பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பிரெஞ்சுதான். கிளைகளை வளைத்து ஒன்றோடொன்று பின்னிய வேலி, அந்த வேலி போட்ட அடைப்பு என்று பொருள். 1086இல் நாடு முழுக்க எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் பிளெஷி என்றொரு ஊரே இல்லை. அப்போது அது பக்கத்து ஹை ஈஸ்டரின் ஒரு பகுதி. வந்தவர்கள் வேலி போட்டார்கள், வேலியின் பெயர் ஊருக்கு ஆனது.

ஆகவே அகழிக்கரைக்கு ஒரு கேள்வி. 1066 முடிந்த கையோடு கட்டிய கோட்டை என்று பல பக்கங்களில் எழுதியிருக்கிறார்களே, அதை ஏற்கிறீர்களா?

#4 அகழிக்கரை

முழுக்க ஏற்கவில்லை. வெற்றிவீரர் வில்லியம் இந்த நிலத்தை ஜெஃப்ரி டி மாண்டவில்லுக்குக் கொடுத்தார் என்பது வரை சரி. கோட்டையை அவரே எழுப்பியிருக்கலாம். ஆனால் பிளெஷி கோட்டை என்று ஏட்டில் முதலில் வருவது 1143இல்தான், அவருடைய பேரன் காலத்தில். பேரன் பெயரும் ஜெஃப்ரி. அந்த ஆள் ஒரு தனிக்கதை.

முதலாம் ஹென்றி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் மகள் மட்டில்டாவுக்கும் சகோதரி மகன் ஸ்டீபனுக்கும் இடையே நாடு இரண்டாகக் கிடந்தது. இந்த ஜெஃப்ரியின் கையில் லண்டன் டவர். டவரை வைத்திருப்பவன் பக்கம் லண்டன் சாயும் என்பதால் இரண்டு தரப்பும் அவரை ஏலம் கேட்டன. ஸ்டீபன் 1140இல் எசெக்ஸ் பிரபு ஆக்கினார். மட்டில்டா அதற்குமேல் கொடுத்தார். ஸ்டீபன் மறுபடி அதற்குமேல் கொடுத்தார். 1143இல் செயின்ட் ஆல்பன்ஸில் அரசவை கூடியபோது திடீரென்று பிடித்து, கோட்டைகளைத் தருகிறாயா, தூக்கில் தொங்குகிறாயா என்று கேட்டார்கள். டவர், சாஃப்ரன் வால்டன், பிளெஷி மூன்றும் போயின.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. ராம்சே மடத்தில் துறவிகளைத் துரத்திவிட்டு அதையே பாசறையாக்கி, சதுப்பு நிலம் முழுக்கக் கொள்ளை. அவரை அடக்க ஸ்டீபன் பர்வெல்லில் கட்டிக்கொண்டிருந்த புதிய கோட்டையைத் தாக்கும்போது அம்பு பட்டு 1144இல் செத்தார். கட்டி முடிக்காத அந்தப் பர்வெல் கோட்டையின் பள்ளங்களும் மேடும் இன்னும் அந்த ஊரில் கிடக்கின்றன.

#5 தேன்_துளி

மடத்தில் கைவைத்தால் திருச்சபை விலக்கு போட்டிருக்குமே? எப்படி அடக்கம் செய்தார்கள்?

#6 ஏட்டுச்சுவடி

செய்யவில்லை என்பதுதான் விஷயம். விலக்கப்பட்டவரைப் புனித மண்ணில் புதைக்கக் கூடாது. டெம்பிளர் என்ற துறவிப் போர்வீரர்கள் உடலை எடுத்துப்போய், ஈயத்தில் பொதிந்து, லண்டனில் தங்கள் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். மரத்தில் தொங்கவிட்டார்கள் என்று வால்டன் மடத்துக் குறிப்பு சொல்கிறது. விலக்கு நீங்கி மண்ணுக்குள் போக ஏறத்தாழ 20 ஆண்டு ஆனது. அவர்களுடைய டெம்பிள் சர்ச்சில் படுத்திருக்கும் கல் வீரர்களில் ஒன்று அவருடையது என்று வழிவழியாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் அகழிக்கரை சொன்ன "ஏலம்" கதையில் எனக்கு மாறுபாடு உண்டு. அது 1892இல் வரலாற்றாசிரியர் ஜே. எச். ரவுண்ட் எழுதியது. சாசனங்களை ஒரு வரிசையில் அடுக்கி, கட்சி மாறிக்கொண்டே இருந்த ஆசாமி என்று முடிவு கட்டினார். 1964இல் ஆர். எச். சி. டேவிஸ் அந்த வரிசையையே கேள்வி கேட்டார். மட்டில்டாவின் இரண்டாவது சாசனம் 1142 அல்ல, 1141 கோடையிலேயே கொடுத்தது என்றார். அப்படிப் பார்த்தால் ஒரு தாவல் குறைகிறது. 1141இல் அரசர் ஸ்டீபன் சிறைப்பட்டபோது ஜெஃப்ரி ஜெயித்த பக்கம் போனார், அரசர் விடுதலையானதும் திரும்பினார். அந்த வருடம் அதைச் செய்யாத பிரபு குறைவு. டேவிஸையும் பிறகு மறுத்தார்கள், சண்டை ஓயவில்லை. ஒரு தேதியை ஆறு மாதம் தள்ளினால் ஒரு மனிதனின் குணமே மாறிவிடுகிறது பாருங்கள்.

#7 அகழிக்கரை

ரவுண்டை மட்டும் படித்துவிட்டு எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ராம்சேயில் நடந்ததைத் தேதி மாற்றிக் கழுவ முடியாது.

#8 மண்வெட்டி72

நான் சிவில் இன்ஜினியர். ராஜா கதையெல்லாம் நீங்க பேசுங்க, நான் மண்ணைப் பத்திப் பேசறேன்.

ஒரு சாதாரண மோட்டை எடுத்துக்குவோம். பிளெஷி அளவு இல்லை, சின்னது. உயரம் 10 மீட்டர், அடி விட்டம் 50, உச்சி விட்டம் 15னு வெச்சா ஏறக்குறைய 9,000 கன மீட்டர் மண். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ரெண்டு கன மீட்டர் வெட்டினா 4,500 ஆள்கூலி, வெட்டறதுக்கு மட்டும். கூடையில தூக்கி மேலே ஏத்தறது தனி. நூறு பேரை விரட்டி வேலை வாங்கினா ரெண்டு மூணு மாசத்துல மேடு நிக்கும். இது என் பேப்பர் கணக்குதான், யாரும் மேற்கோள் காட்டிடாதீங்க. ஆனா நார்மன்காரன் ஏன் மண்ணைத் தேர்ந்தெடுத்தான்னு இதுல புரியும். கல் கோபுரம்னா வருஷக்கணக்கு, கொத்தனார் வேணும், சுண்ணாம்பு வேணும். மண்ணுக்கு மண்வெட்டியும், தோத்துப்போன ஊர்க்காரனும் போதும்.

நார்மன் படையெடுப்பைத் தைச்சுக் காட்டின பேயோ திரைச்சீலையில, ஹேஸ்டிங்ஸ்ல மோட் போடற காட்சி இருக்கு. ஆளுங்க மண்வெட்டியோட நிக்கறாங்க, மேடு பட்டை பட்டையா வேற வேற நிறத்துல. அலங்காரம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அது அடுக்கு அடுக்கா மண்ணைப் போட்டு இடிச்சு இறுக்கினதாத்தான் தெரியுது. களிமண் ஒரு லேயர், சரளை ஒரு லேயர். அப்படிப் போடாம சும்மா கொட்டினா முதல் மழைக்காலத்துல சரிஞ்சு திரும்பப் பள்ளத்துக்கே வந்துடும்.

இன்னொண்ணு. புதுசா கொட்டின மண் செட்டில் ஆக வருஷங்கள் வேணும். அதனால மேல முதல்ல மரக் கோபுரம்தான். கல்லை ஏத்தினா ஒரு பக்கம் இறங்கி வெடிப்பு விட்டுடும்.

#9 சும்மா_ஒருவன்

மண்வெட்டி சார், இதுதான் எனக்குப் புரியற பாஷை. சரி, இது நார்மன் மேடுதான்னு எப்படிச் சொல்றாங்க? அதுக்கு முன்னாடியே யாரோ போட்டிருந்த மேட்டுல இவங்க ஏறி உட்கார்ந்திருக்கலாமே?

#10 ஏட்டுச்சுவடி

19ஆம் நூற்றாண்டு முழுக்க அப்படித்தான் நம்பினார்கள். ஜி. டி. கிளார்க் என்ற கோட்டை ஆய்வாளர் (இவரும் இன்ஜினியர்தான், மண்வெட்டி சார்) இந்த மேடுகளெல்லாம் ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துப் 'பர்' என்று எழுதினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ரவுண்ட் எதிர்த்தார். அதை முழுக்க உடைத்தவர் எல்லா ஆர்மிடேஜ். பாதிரியாரின் மனைவி. ஊர் ஊராக மேடுகளைப் பார்த்து, ஏடுகளோடு ஒப்பிட்டு, 1912இல் நூலாக்கினார். சாக்ஸன் 'பர்' என்பது ஊர் மக்கள் எல்லோருக்குமான மதில், நார்மன் மோட் ஒரு பிரபு தன் குடும்பத்தையும் ஆட்களையும் வைத்துக்கொள்ள ஊருக்கு எதிராகவே எழுப்பியது என்று பிரித்துக் காட்டினார். இன்றுவரை அடிப்படை அதுதான்.

#11 அகழிக்கரை

ஆனால் சும்மா_ஒருவனை முழுக்கத் தள்ளிவிட முடியாது. மார்ல்பரோவில் 19 மீட்டர் மோட் ஒன்று உண்டு. உள்ளே துளையிட்டுக் கரித்துண்டுகளைச் சோதித்ததில் அது கி.மு. 2400 வாக்கில் எழுந்த மேடு என்று 2011இல் தெரிந்தது. கிழக்கு யார்க்‌ஷயரில் ஸ்கிப்ஸி மேடு இரும்புக்காலத்தது என்று 2016இல் வந்தது. இரண்டிலும் நார்மன்கள் ரெடிமேடாக ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் துளையிட்டுப் பார்த்த மற்ற மேடுகளில் பெரும்பாலானவை இடைக்காலத்தவைதான். விதிவிலக்கு விதியாகவில்லை.

பிளெஷியைப் பொறுத்தவரை என் சந்தேகம் வேறு. இன்று நாம் பார்க்கும் மேடும் கரையும் முதல் ஜெஃப்ரியுடையதா? 1157-58இல் இரண்டாம் ஹென்றி இந்தக் கோட்டையின் காவலை அழிக்க வைத்தார். பேரன் ஜெஃப்ரியின் மகன் வில்லியம் 1167க்கும் 1180க்கும் இடையில் அனுமதி பெற்று மறுபடி பலப்படுத்தினார். அழித்தது எவ்வளவு, திரும்பக் கொட்டியது எவ்வளவு? நாம் இன்று ஏறும் மேட்டின் பெரும்பகுதி பேரனின் மகன் போட்டதாகவும் இருக்கலாம்.

#12 மண்வெட்டி72

காவலை அழிக்கறதுன்னா மேட்டை வாரிக் கொட்டறது இல்லை சார். அது கட்டினதைவிட அதிக வேலை. மர வேலியைப் பிடுங்கி எரிச்சு, கரையில நாலு இடத்துல வெட்டி, அகழியைக் கொஞ்சம் தூர்த்தா போதும், கோட்டை செத்துது. மேடு அப்படியேதான் இருந்திருக்கும். கரையை மட்டும் உயர்த்தியிருப்பாங்கங்கறது என் ஊகம்.

#13 தேன்_துளி

ஆண்கள் எல்லோரும் மண் அள்ளி முடித்துவிட்டீர்களா? இந்தக் கோட்டையின் நல்ல பாகமே இனிமேல்தான். 1215 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜான் அரசரின் படை வந்து போனதை விட்டுவிடுகிறேன். மாண்டவில் வம்சம் 1227இல் ஆண் வாரிசின்றி முடிந்து, பெண் வழியாக டி போஹன் குடும்பத்துக்குச் சொத்து போகிறது. நூற்றைம்பது வருடம் கழித்து அங்கேயும் ஆண் வாரிசு இல்லை. கைம்பெண் ஜோன், அவருக்கு எலினார், மேரி என்று இரண்டு மகள்கள்.

மூத்தவளைக் கட்டியவர் மூன்றாம் எட்வர்டின் கடைசி மகன் தாமஸ் ஆஃப் உட்ஸ்டாக். பிளெஷிதான் அவர் வீடு. கொழுந்தியா கன்னியாஸ்திரீ ஆகிவிட்டால் சொத்து முழுக்கத் தன் பக்கம் என்று கணக்குப்போட்டு, சிறுமி மேரியை பிளெஷியிலேயே வைத்துக் கன்னியாஸ்திரீகளை விட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தாராம். தாமஸ் பிரான்ஸுக்குப் போருக்குப் போயிருந்த நேரத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்து மேரியை அரண்டெலுக்கு அழைத்துப்போய், தாமஸின் அண்ணன் மகன் ஹென்றிக்குக் கட்டிவைத்துவிட்டார். அந்தக் காலத்துப் பிரெஞ்சு வரலாற்றெழுத்தாளர் ஃப்ருவாசார் எழுதிவைத்த கதை இது. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி விரோதம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

அந்த ஹென்றிதான் பின்னால் நான்காம் ஹென்றி. மேரி ராணியாவதைப் பார்க்காமல் 1394இலேயே போய்விட்டார். அவர் பெற்ற பிள்ளை ஐந்தாம் ஹென்றி.

#14 சும்மா_ஒருவன்

யக்கா, நிறுத்தாதீங்க. தாமஸ் என்ன ஆனார்?

#15 தேன்_துளி

அண்ணன் மகனான இரண்டாம் ரிச்சர்டைச் சிறுவயதில் படுத்தி எடுத்தவர் தாமஸ். 1387-88இல் வேறு நான்கு பிரபுக்களோடு சேர்ந்து அரசரின் நண்பர்களைத் துரோகிகள் என்று குற்றம்சாட்டிக் கொல்லவைத்தார். சிறுவயதிலிருந்து தன்னை வளர்த்த சைமன் பர்லியைக் காப்பாற்ற ரிச்சர்ட் எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை. ரிச்சர்ட் ஒன்பது வருடம் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். 1397 ஜூலையில் தானே பிளெஷிக்கு வந்தார். சித்தப்பாவைப் பிடித்து, பிரான்ஸ் கரையில் ஆங்கிலேயர் கையிலிருந்த கலேக்கு அனுப்பினார். செப்டம்பரில் பாராளுமன்றத்தில் ஆஜராக்கச் சொன்னபோது, கைதி இறந்துவிட்டார் என்று கலேயிலிருந்து பதில் வந்தது. மூச்சுமுட்ட வைத்துக் கொன்றார்கள் என்று பின்னால் வெளியானது. வயது 42.

#16 ஏட்டுச்சுவடி

கைது நடந்த விதம் பற்றி இரண்டு கதை உண்டு, அதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஃப்ருவாசார் சொல்வது: வேட்டைக்குப் போவதுபோல ரிச்சர்ட் வந்தார், டியூக் தாமஸ் மனைவி மக்களோடு முற்றத்துக்கு வந்து வரவேற்றார், லண்டனில் ஒரு வேலை இருக்கிறது, கூட வாருங்கள் சித்தப்பா என்று அழைத்துப்போய் வழியில் ஆட்களை மறைத்துவைத்துப் பிடித்தார். ஆங்கிலேயத் துறவிகளின் ஏடு சொல்வது: லண்டனிலிருந்து பெரும்படையோடு இரவோடு இரவாக வந்தார். டியூக் உடல் நலமில்லாதவர், தான் 1394இல் பிளெஷியில் நிறுவிய குருமார் கல்லூரியின் பாதிரிகளோடு ஊர்வலமாக வந்து எதிர்கொண்டார்.

முதலாவது படிக்க நன்றாக இருக்கிறது. நான் இரண்டாவதை நம்புகிறேன். 15 மீட்டர் மேடும் இரட்டை அகழியும் உள்ள இடத்துக்கு, அப்படிப்பட்ட எதிரியைப் பிடிக்க, யார் தனியாக வேட்டை உடையில் போவார்?

#17 அகழிக்கரை

அங்கே நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் இரண்டாவதுதான். ஆனால் கோட்டை தன் எஜமானைக் காப்பாற்றவில்லை என்பது இரண்டு கதையிலும் ஒன்றுதான். கதவை அவரே திறந்தார்.

கைதுக்குப் பிறகு அரசு அதிகாரிகள் வந்து வீட்டுச் சாமான் அத்தனையும் பட்டியல் எடுத்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. திரைச்சீலைகள், படுக்கைகள், பூசை அங்கிகள், அதோடு 80க்கும் மேற்பட்ட புத்தகங்கள். பெரும்பாலானவை பிரெஞ்சு, லத்தீன். ஆங்கிலத்தில் வைத்திருந்தது கொஞ்சம்தான், அதில் ஒன்று பைபிள். சமயச் சீர்திருத்தக்காரர் விக்லிஃபின் வழியினர் மொழிபெயர்த்த அந்த ஆங்கில பைபிள் அவருடைய சின்னத்தோடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இந்தப் புல்மேட்டின் மேலே அல்லது கீழே எங்கோ ஓர் அறையில் அந்தப் புத்தகம் கிடந்திருக்கிறது என்பதை நினைத்தபோது, எனக்குச் சுவர் இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை.

#18 கிழக்கூரான்

நானும் மகளும் போன வருசம் போனனாங்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில ஷேக்ஸ்பியரின்ர ரிச்சர்ட் நாடகம். அதில டியூக்கின்ர மனைவி பிளெஷி வெறிச்சோடிக் கிடக்குதெண்டு அழுகிற இடம் வருது, அதுக்காகவே போனது. உண்மையில எலினார் 1399இல செத்தவ, வெஸ்ட்மினிஸ்டர் அபேயில பித்தளைத் தகட்டோட கல்லறை கிடக்கு. அதையும் காட்டினனான்.

ஒண்டு கேக்கவேணும். தாய்க்காரி ஜோன் என்ன செய்தவ? மருமகனைக் கொண்டவங்களை விட்டிட்டாவோ?

#19 தேன்_துளி

விடவில்லை. அதற்குத்தான் காத்திருந்தேன்.

ஜோனுக்கு 1397இல் மருமகன் மட்டும் போகவில்லை. கூடப்பிறந்த சகோதரர் அரண்டெல் பிரபுவின் தலையும் அதே செப்டம்பரில் போனது. இரண்டு வருடத்தில் ரிச்சர்ட் கவிழ்ந்தார், இளைய மருமகன் ஹென்றி அரசரானார். 1400 ஜனவரியில் ரிச்சர்டின் ஆட்கள் ஹென்றியைக் கொல்லச் சதி செய்து தோற்றார்கள். அவர்களில் ஒருவர் ஜான் ஹாலண்ட், ரிச்சர்டின் ஒருதாய்ச் சகோதரர், 1397இல் தாமஸ் தரப்பைத் தீர்த்துக்கட்டியதில் முன்னால் நின்றவர். தப்பி ஓடியவர் எசெக்ஸில் பிடிபட்டார். கொண்டுவந்து நிறுத்திய இடம் பிளெஷி. அங்கே ஜோனின் கையில் அதிகாரம். ஊர்க்கூட்டம் தலையைக் கேட்டது. தாமஸைக் கைதுசெய்த அதே ஊரில் வெட்டினார்கள்.

விசாரணை? நடந்ததாகச் சொல்லமுடியாது. ஹாலண்டின் மனைவி புது அரசரின் அக்காள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#20 சும்மா_ஒருவன்

இவ்வளவு நடந்த இடத்துல ஒரு கல்லுகூட இல்லாம எப்படிப் போச்சு? குண்டு போட்டானா?

#21 அகழிக்கரை

யாரும் போடவில்லை. கோட்டை அரசர்களின் தனி நிலச்சொத்தான லங்காஸ்டர் டச்சியில் சேர்ந்து, ராணிகளின் பங்காகக் கைமாறி வந்தது. ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் காலத்திலும் செலவழித்துப் பராமரித்தார்கள். அந்தச் செங்கல் பாலமும் அந்த நூற்றாண்டுதான். காலப்போக்கில் இந்த ஊர் யாருக்கும் தேவைப்படவில்லை. எசெக்ஸில் நல்ல கட்டடக்கல் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கல்லுக்கு விலை உண்டு, ஓட்டுக்கு விலை உண்டு, ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிப் பிரித்து விற்றார்கள். 1959-63 அகழாய்வில் கீழ் முற்றத்தில் தேவாலயத்தின் அடித்தளம் வரைக்கும் தோண்டிப் பார்த்தார்கள், மேலே நிற்பது எதுவும் இல்லை.

மண்ணை மட்டும் யாரும் வாங்கவில்லை. அதனால் இருக்கிறது.

#22 மண்வெட்டி72

வாங்கினாலும் லோடு அடிக்கிற கூலி கட்டுப்படியாகாது. 😄

#23 கிழக்கூரான்

பாலம் இப்பவும் நடக்கக்கூடிய நிலைமையில இருக்கோ? நாங்கள் போனநேரம் வெளியால நிண்டுதான் பாத்தனாங்கள், முன்கூட்டிக் கேக்கவேணுமெண்டு தெரியாது.

#24 அகழிக்கரை

நான் நடந்தேன். ஆள் நடக்கலாம். மேட்டுச் சரிவு மட்டும் மழைக்குப் பிறகு வழுக்கும், நான் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கினேன்.

உள்ளே விடாவிட்டாலும் வெளிக்கரையை யாரும் பார்க்கலாம், ஊரைச் சுற்றி ஒரு நடை. பல இடங்களில் வீட்டுத் தோட்டத்தின் பின்பக்க எல்லையே அந்தக் கரைதான். ஒரு வீட்டில் துணி காயப்போட்டிருந்தார்கள். கொடியின் ஒரு முனை கொல்லைக் கதவில், மறுமுனை கரைமேல் நின்ற மரத்தில்.

#25 சும்மா_ஒருவன்

சரி அண்ணா, முன்கூட்டி யாரைக் கேக்கணும்னு தனி மெசேஜ்ல சொல்லுங்க. ரெண்டு பேர் வர்றோம்.